அழுத்தம் ஏறாத மின்சார குக்கர்: ஆவி போன வழியே போய்ப் பார்த்தது

கோயம்புத்தூரில் பெரியம்மா வீட்டில் இருக்கும் ஆறு லிட்டர் மின்சார பிரஷர் குக்கர் அழுத்தம் பிடிப்பதை நிறுத்திவிட்டது. பிளக்கைச் செருகினால் திரை எரிகிறது, பொத்தான்கள் வேலை செய்கின்றன, தண்ணீர் கொதிக்கிறது, ஆவியும் தாராளமாக வருகிறது. ஆனால் மூடியில் இருக்கும் சின்ன உலோக மிதவை மேலே எழுவதில்லை. அது எழுந்து துளையை அடைத்தால்தான் அழுத்தம் ஏறும், மூடி பூட்டிக்கொள்ளும், சமையல் நேரம் ஓடத் தொடங்கும். அது எழாததால் அரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் பருப்பு மேலே விதைவிதையாகவும் அடியில் பிடித்தும் கிடக்கிறது. கடைசியில் அடிபிடித்த எச்சரிக்கை காட்டிவிட்டு இயந்திரம் தானே நின்றுபோகிறது.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. புது கேஸ்கட் வாங்கி மாற்றிப் பார்த்தார், பலனில்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனார். அங்கே கழற்றியும் பார்க்காமல், "போர்டு போய்விட்டது, புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. போர்டு, அதாவது உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றுப் பலகை, சொன்னால்தான் சூடாக்கும் தட்டுக்கு மின்சாரம் போகும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போர்டைக் குறை சொல்வதற்கு என்ன காரணம் இருக்கிறது? நல்ல நிலையில் இருக்கும் ஒரு பாத்திரத்தைக் குப்பைக்கு அனுப்பும் பேச்சு அது. நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுப்பில் வைக்கும் விசில் குக்கரோடு பழகியவர்களுக்கு இந்த இயந்திரம் கொஞ்சம் புதிராகத்தான் இருக்கும். விசில் குக்கரில் அழுத்தம் ஏறியதும் வெயிட் தூக்கிக்கொண்டு சத்தம் போடும்; எங்காவது கசிந்தால் விசில் வராது, உடனே தெரிந்துவிடும். மின்சார குக்கரில் விசில் கிடையாது. ஆவி விடும் வால்வு மூடியின் மேல் தளர்வாக உட்கார்ந்திருக்கும், தொட்டால் ஆடும். ஆடுவதுதான் அதன் இயல்பு. இதைப் பழுது என்று நினைத்துப் பலர் அழுத்தி அழுத்திப் பார்க்கிறார்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை அந்த வால்வு செய்வதில்லை. வெப்ப உணரியும் அழுத்த சுவிட்சும் போர்டும் சேர்ந்து தட்டை அணைத்தும் எரித்தும் செய்கின்றன. அழுத்தம் எல்லை மீறினால் மட்டும் அந்த வால்வு தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடும்.

மிதவையின் வேலை இன்னும் நுட்பமானது. மூடியில் ஒரு துளை. அதற்குள் இந்த மிதவை தளர்வாகத் தொங்குகிறது. அதன் கீழ்நுனியில் சிலிக்கான் வளையம் ஒன்று, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் முதலில் உள்ளே இருக்கும் காற்றும் பிறகு ஆவியும் மிதவையின் ஓரமாக வெளியேறும். ஆவியின் ஓட்டம் வலுக்கும்போது அந்த வேகமே மிதவையைத் தூக்கும். தூக்கியதும் கீழே இருக்கும் சிலிக்கான் வளையம் துளையை அடைக்கும். அந்த நொடியிலிருந்துதான் அழுத்தம் ஏறும். அதாவது, அடைப்பு விழுவதற்கு முன்பே ஓர் ஓட்டம் வேண்டும். ஆவி வேறு ஏதாவது வழியில் தப்பிப் போனால் மிதவையைத் தூக்க வேண்டிய வேகம் குறைந்துவிடும். மிதவையில் கோளாறே இல்லாவிட்டாலும் அது எழாது. பழுது பார்க்கும்போது நான் முழுநேரமும் மனத்தில் வைத்திருந்தது இதைத்தான்.

சமையல் பொருளோடு சோதித்தால் எதுவும் புரியாது என்பதால் வெறும் தண்ணீரில் தொடங்கினேன். உள்பாத்திரத்தில் 750 மில்லி தண்ணீர் ஊற்றி, சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டேன். மூடியைப் பூட்டி, ஆவி வால்வை மூடும் நிலையில் வைத்து, ஐந்து நிமிட அழுத்தச் சமையலுக்குப் பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் கொதித்தது. மிதவை நடுங்கியது, எழவில்லை. கொதி தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து அணைத்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி எடை பார்த்தேன். 190 கிராம் குறைந்திருந்தது.

இந்த எண் நிறையச் சொல்கிறது. இது 1000 வாட் இயந்திரம். ஒரு கிலோ கொதிநீரை முழுதாக ஆவியாக்க ஏறத்தாழ 2257 கிலோஜூல் வேண்டும். அந்தக் கணக்கில் 1000 வாட் முழுவதும் ஆவியாக மாறினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 26.6 கிராம் தண்ணீர் போகும், பத்து நிமிடத்தில் 266 கிராம். பாத்திரத்தின் சுற்றுச்சுவர் வழியாகக் கொஞ்சம் வெப்பம் வீணாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 190 கிராம் என்பது தட்டு முழுபலத்தோடு எரிந்திருக்கிறது என்பதற்குச் சான்று. போர்டு, தட்டு, ரிலே, வெப்ப ஃபியூஸ் எல்லாம் தத்தம் வேலையைச் செய்திருக்கின்றன. இழந்தது ஆவியைத்தான். பத்து நிமிடத்தில் கால் பங்கு தண்ணீர் போய்விடுகிறது என்றால், சாம்பாருக்காகக் குறைவாகத் தண்ணீர் வைக்கும்போது அடிபிடிப்பதில் வியப்பே இல்லை. அந்த எச்சரிக்கை கசிவின் விளைவு. அதைத் தனி நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்னழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிட்டேன். சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இது முக்கியம். சூடாக்கும் தட்டின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் தட்டு 190 வோல்ட்டில் 680 வாட் அளவுக்குத்தான் தரும். தண்ணீர் கொதிக்கத்தான் செய்யும், ஆனால் ஆவியின் வேகம் மிதவையைத் தூக்கப் போதாமல் போகலாம். மெல்லிய ஒயர் கொண்ட நீட்டிப்புப் பலகையில் செருகினாலும் இதே கதைதான். பெரியம்மா வீட்டில் சுவர் பிளக்கில் நேராகச் செருகியிருந்தது, குக்கர் ஓடும்போதே மல்டிமீட்டர் 228 காட்டியது. அந்தச் சந்தேகம் நீங்கியது.

அடுத்து, ஆவி எங்கே போகிறது என்று தேடினேன். ஆவி வெளியே வரும் இடத்தில் உடனே கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளிக் குளிர்ந்த பிறகுதான் வெண்மையாகத் தெரியும். மேலே எழும் புகைமூட்டத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லிட்ட எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்து, கையைத் தூரமாக வைத்துக்கொண்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோனேன். ஆவி படும் இடத்தில் கரண்டியின் முதுகு சட்டென்று பனித்துவிடும். துடைத்துவிட்டு அடுத்த இடம். மிதவைத் துளையில் பலமாகப் பனித்தது. ஆவி வால்வில் ஒன்றுமில்லை. விளிம்பில் பெரும்பாலான இடங்கள் உலர்வாக இருந்தன. எனக்கு நேர்முன்னே இருக்கும் பக்கத்தைக் கடிகாரத்தின் ஆறு என்று கொண்டால், நான்கு இருக்கும் இடத்தில் மட்டும் லேசாகப் பனித்தது. அந்த நான்கைப் பென்சிலால் மூடியில் குறித்து வைத்தேன்.

பெரிய கசிவை முதலில் கவனிப்போம் என்று மிதவையிடம் போனேன். மூடியைத் திருப்பிப் போட்டு, அடியில் இருக்கும் சிலிக்கான் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தால் மிதவை மேல்பக்கமாகக் கழன்று வரும். இதைக் கழுவுதொட்டிக்கு மேலே வைத்துச் செய்ய வேண்டாம். கைநழுவினால் வடிகுழாய்க்குள் போய்விடும். ஒரு தட்டின் மேல் வைத்துக் கழற்றினேன். மிதவையின் தண்டில் வெள்ளையாக ஒரு படலம், அதன் மேல் பழுப்பாகப் பருப்பு நுரை காய்ந்த பசை. துளையின் உட்சுவரிலும் அதே. பெரியம்மா வீட்டில் சமையலுக்குச் சிறுவாணித் தண்ணீர், கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். மூடியைக் கழுவி அப்படியே உலரவிடும்போது உப்புத் தண்ணீர் துளைக்குள் தங்கிக் காய்ந்து சுண்ணாம்பாகப் படிந்திருக்கிறது. விரலால் தள்ளினால் மிதவை நகர்கிறது. ஆனால் பாதி வழியில் ஒரு சின்ன உரசல். ஆவி தூக்க வேண்டிய பொருளுக்கு அந்த உரசலே போதும்.

எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் மிதவையை ஊறவிட்டு, துளையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். படலம் நுரைத்துக்கொண்டு கரைந்தது. ஊசி, கத்தி முனை எதுவும் துளைக்குள் போகக் கூடாது. உட்சுவரில் கீறல் விழுந்தால் நிரந்தரக் கசிவுதான். பழைய சிலிக்கான் வளையத்தை விரலுக்கிடையில் மடக்கிப் பார்த்தேன். புதியது மெத்தென்று மடங்கி உடனே திரும்பும். இது விறைத்துப்போய், ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்போடு இருந்தது. கேஸ்கட்டை மாற்றுகிறவர்கள்கூட இந்தச் சிறு வளையத்தைக் கண்டுகொள்வதில்லை. அதே மாதிரிக்கு உரிய வளையத்தை வாங்கிப் போட்டேன். ஆவி வால்வின் அடியில் இருக்கும் சல்லடைத் தொப்பியையும் பிடுங்கிக் கழுவி மாட்டினேன். அதில் ஒரு மிளகும் கறிவேப்பிலைத் துணுக்கும் சிக்கியிருந்தன. அது அடைபட்டால் அழுத்தம் ஏறாமல் போகாது. ஆனால் ஏறிய அழுத்தம் வெளியே போக வழியில்லாமல் போகும். அது இதைவிட ஆபத்து.

மறுபடி தண்ணீர்ச் சோதனை. இந்த முறை மிதவை எழுந்தது! எழுந்து, சில நொடி நின்று, ஒரு பெருமூச்சோடு விழுந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. இப்போது விளிம்பில் நான்கு மணி இடத்திலிருந்து சீற்றம் காதில் கேட்கும் அளவுக்கு வந்தது. ஒரு வாய்க்காலை அடைத்தால் மற்றதில் தண்ணீர் பெருகுவதுபோல, மிதவைத் துளை அடைபட்டதும் ஆவி முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெரிய கசிவு இருந்தவரை சிறிய கசிவு தன்னை முழுதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தடித்த துண்டை மடித்து அந்த இடத்தில் மூடியை அழுத்தியதும் சீற்றம் அடங்கியது, மிதவை நிலைத்து நின்றது. கையை எடுத்ததும் மறுபடி சீற்றம். அழுத்தினால் அடங்குகிறது என்றால் அது கேஸ்கட் உட்காரும் இடத்துக் கோளாறு. தினமும் இப்படி அழுத்திச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நோயைக் கண்டுபிடிக்க மட்டும் இந்தத் தந்திரம்.

விளிம்பில் கசிந்தால் எல்லோரும் கேஸ்கட்டைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் மூன்று பொருள்கள் சந்திக்கின்றன: கேஸ்கட், உள்பாத்திரத்தின் விளிம்பு, மூடி. எது குற்றவாளி என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூடி எப்போதும் ஒரே நிலையில்தான் பூட்டும். கேஸ்கட்டையும் பாத்திரத்தையும் நம் விருப்பப்படி சுற்றி வைக்கலாம். இயந்திரம் ஆறியதும் கேஸ்கட்டை எடுத்து அரைவட்டம் திருப்பி மாட்டினேன். கசிவு கேஸ்கட்டோடு சேர்ந்து எதிர்ப்பக்கம், அதாவது பத்து மணிக்குப் போயிருந்தால் கேஸ்கட்டில் குறை. போகவில்லை, நான்கிலேயே நின்றது. அடுத்து உள்பாத்திரத்தை அரைவட்டம் சுற்றி வைத்தேன். பாத்திரம் எங்காவது இடித்து விளிம்பு நசுங்கியிருந்தால் கசிவு அதோடு நகர்ந்திருக்கும். அப்போதும் நான்கிலேயே. பழைய கேஸ்கட்டைப் போட்டும் பார்த்தேன், அதே நான்கு. மிஞ்சியது மூடியும், மூடியைப் பிடித்துக்கொள்ளும் வெளிக்கூட்டின் பற்களும். பற்களை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மட்டம்.

மூடியைத் துணி மேல் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கேஸ்கட்டைத் தாங்கிப் பிடிக்க மூடியின் உட்புறம் முழுவட்டமாக ஒரு எவர்சில்வர் கம்பி வளையம் இருக்கிறது. கேஸ்கட் அதன் பின்னால் போய் உட்கார வேண்டும். அந்தக் கம்பிக்கும் மூடிக்கும் நடுவே வெளிச்சக் கீற்று ஒன்று சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். தெரிந்தது, நான்கு மணி வரும்வரை. அங்கே இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் கம்பி மூடியை விட்டு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு விலகி, உட்புறமாகவும் லேசாக வளைந்திருந்தது. கேஸ்கட்டை மாட்டி விரலால் சுற்றித் தடவினால், அந்த ஒரு சாண் நீளத்தில் மட்டும் அது கம்பியோடு சேர்ந்து முன்னே துருத்திக்கொண்டு நின்றது. பாத்திர விளிம்பில் மற்ற இடங்களில் சீராக உட்காரும் உதடு அங்கே மடிந்து உட்காருகிறது. புதுக் கேஸ்கட் ஏன் பயன்படவில்லை என்பதற்கு விடை அங்கே இருந்தது.

கம்பி ஏன் வளைந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "கழுவிய பிறகு ஆணியில் மாட்டி வைப்பேன் கண்ணு, தண்ணீர் வடியட்டும் என்று" என்றார். மாட்டியது அந்தக் கம்பியைப் பிடித்துத்தான். மூடியின் முழு எடையும் மெல்லிய கம்பியின் ஒரே இடத்தில் நாள்தோறும் தொங்கியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு மாட்டி வைப்பதற்கென்றே செய்த வளையம்போலத்தான் இருக்கிறது.

நிமிர்த்துவது பெரிய வேலை இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கட்டிங் பிளேயரின் வாயில் துணி சுற்றி, கம்பியை விலகிய திசைக்கு எதிராகச் சிறிது சிறிதாக நெட்டினேன். ஒரே மூச்சில் வளைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடும், தாங்கியின் வெல்டிங்கும் விட்டுப்போகலாம். ஒவ்வொரு முறையும் ஜன்னல் வெளிச்சத்தில் கீற்றைப் பார்த்து, ஒரு ரூபாய் நாணயத்தை அந்த இடைவெளியில் நுழைத்து மற்ற இடங்களோடு ஒப்பிட்டேன். எங்கும் ஒரே இறுக்கத்தோடு நாணயம் நகர்ந்தபோது நிறுத்திக்கொண்டேன். கேஸ்கட்டை மாட்டி விரலால் சுற்றினேன். துருத்தல் இல்லை, கையால் இழுத்தால் கேஸ்கட் கம்பிக்குப் பின்னால் வழுக்கிச் சுற்றுகிறது. சரியாக உட்கார்ந்த கேஸ்கட் அப்படிக் கொஞ்சம் வழுக்க வேண்டும்.

பிறகு அதே 750 மில்லி. கொதி வந்தது, மிதவை சில நொடி நடுங்கி, டக்கென்று எழுந்து நின்றது. கரண்டியைச் சுற்றிக் கொண்டுபோனேன், எங்கும் பனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நேரம் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் முடிந்து, தானாக ஆவி அடங்கி மிதவை விழும்வரை விட்டு, எடை பார்த்தேன். 14 கிராம் குறைவு. 190 எங்கே, 14 எங்கே! மிதவை எழுவதற்கு முன் காற்றை வெளியே தள்ளுவதில் போகும் ஆவி அவ்வளவு. அது போகத்தான் வேண்டும்.

மூடியில் விடை கிடைத்ததால் அடிப்பாகத்தைத் திறக்கவே இல்லை. மூடி சரியாக இருந்தும் அழுத்தம் ஏறாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆவி எங்கும் கசியவில்லை, ஆனால் தண்ணீர் கொதிநிலைக்கு வருமுன்பே தட்டு அணைந்து அணைந்து எரிகிறது என்றால்தான் அடியைச் சந்தேகிக்க வேண்டும். தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் வெப்ப உணரியை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அதன் ஓரத்தில் சோற்றுப் பருக்கை சிக்கிக்கொண்டால் பாத்திரம் தட்டில் முழுதாக உட்காராது. பல மாதிரிகளில், உள்ளே அழுத்தம் ஏறும்போது பாத்திரம் கீழ்நோக்கித் தள்ள, தட்டு இம்மியளவு இறங்கி அடியில் இருக்கும் சுவிட்சை இயக்கும். பாத்திரம் சரியாக உட்காராவிட்டால் அந்த ஏற்பாடும் தடுமாறும். அதற்கும் மேலே போக வேண்டுமானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரால் தட்டின் தடையைப் பார்க்கலாம். 230 வோல்ட் 1000 வாட் தட்டுக்கு 53 ஓம் அளவில் இருக்க வேண்டும். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் அந்த இடத்தில் நின்றுகொள்வது நல்லது. வெப்ப ஃபியூஸை ஒயரால் நேரிணைப்புக் கொடுத்து ஓட்டுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது தீவிபத்தைத் தடுக்க வைத்த கடைசிக் காவல்.

அன்று சாயங்காலமே துவரம்பருப்பு வைத்தோம். ஒரு கப் பருப்புக்கு மூன்று கப் தண்ணீர், மஞ்சள், ஒரு சொட்டு நல்லெண்ணெய், பத்து நிமிடம். நுரை மிதவைவரை ஏறாமல் இருக்க அந்த எண்ணெய் உதவும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருப்பது அதைவிட உதவும். திறந்தபோது கரண்டியால் ஒரு முறை கலக்கியதும் மசிந்துவிட்டது. இத்தகைய இயந்திரங்களில் வெளிக்காற்றைவிடச் சுமார் 70 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 115 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். அந்தப் பதினைந்து டிகிரிதான் பருப்பை மலர வைக்கிறது.

மூடி இப்போது ஆணிக்குப் போவதில்லை. கழுவித் துடைத்து, பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார் பெரியம்மா. குறையே இல்லாமல் மாற்றப்பட்ட பழைய கேஸ்கட்டையும் தண்ணீர்ச் சோதனையில் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே தாங்கியது. ரசப்பொடி, பூண்டு வாசனையைச் சிலிக்கான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் பழையதைச் சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒதுக்கிவிட்டு, புதியதைப் பால் பாயசத்துக்கென்று தனி டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார்.